மாடல் விமானத்துக்கு கவுல் மாட்டுவது: ஓட்டை இடம் தவறாமல் இருக்க

கவுல் என்பது விமானத்தின் மூக்கில் எஞ்சினை மூடும் உறை. இங்கே எடுத்துக்கொண்டது .46 கன அங்குல குளோ எஞ்சின் (மெத்தனால் எரிபொருளில் ஓடும் சிறிய எஞ்சின்), ஃபைபர்கிளாஸ் கவுல், பால்சா (மிக லேசான மரம்) உடல். எஞ்சின், மஃப்ளர் (சைலன்சர்), த்ராட்டில் கம்பி மூன்றும் பூட்டி முடித்த பிறகே கவுலைக் கையில் எடுங்கள்.

முதலில் ஃபயர்வால் (எஞ்சின் பூட்டியிருக்கும் முன்பலகை) ஓரத்தில் 10 மி.மீ. கனத்தில் நான்கு கட்டைகளை 30 நிமிடத்தில் இறுகும் எபாக்சி பசையால் ஒட்டுங்கள். மேப்பிள் அல்லது பிளைவுட் கட்டை வேண்டும். பால்சா வேண்டவே வேண்டாம், எஞ்சின் அதிர்வில் ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கட்டையின் மேலேயும் எபாக்சி பூசிவிடுங்கள், எரிபொருள் எண்ணெய் ஊறாது.

அடுத்து சிலிண்டர் தலை, மஃப்ளர், நீடில் வால்வு (எரிபொருள் அளவைத் திருத்தும் திருகு) ஆகியவற்றுக்கான திறப்புகள். சின்னதாகத் தொடங்கி, ட்ரெமலில் (கையில் பிடிக்கும் சுழல் கருவி) சாண்டிங் டிரம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். கத்தரிக்கோல் ஃபைபரைக் கிழிக்கும். தூசி நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் கட்டாயம். எஞ்சினைச் சுற்றி எங்கும் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது) எஞ்சின் நன்றாகக் குலுங்கும், தொட்டால் கவுல் விரிசல் விடும்.

இனி, பலருக்கும் கோணலாகிப்போகும் இடம். கவுலை மாட்டியதும் கட்டை கண்ணுக்குத் தெரியாது, பிறகு எங்கே துளை போடுவது? அதனால் கவுலை மாட்டும் முன்பே, கட்டைக்கு ஒன்றாக, கெட்டி அட்டைப் பட்டைகளை உடலின் மேல் டேப்பால் ஒட்டுங்கள். பட்டையின் முன் நுனி கட்டையின் மேல் படியட்டும். துளை வரவேண்டிய இடத்தில் பட்டையிலும் ஒரு துளை. பட்டையைப் பின்னால் மடக்கி, கவுலை மாட்டி, மறுபடி முன்னால் விரித்தால் அந்தத் துளை வழியே பென்சிலால் குறிக்கலாம். டேப் நகர்ந்தால் எல்லாம் போச்சு. பட்டைக்கு இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) கருவிக்கான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் கிடைத்தால் அட்டையைவிட அதுவே மேல், அடியில் இருப்பது தெரியும்.

குறிப்பதற்கு முன் கவுல் நேராக நிற்க வேண்டும். உடலைப் பார்த்து நேராக்காதீர்கள். எஞ்சின் பெரும்பாலும் 2 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும், எனவே ஸ்பின்னர்தான் (புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் கூம்பு) அளவுகோல். ஸ்பின்னரின் பின்தட்டை மாட்டி, அதற்கும் கவுலுக்கும் நடுவே 2 மி.மீ. அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் செருகி, கவுலை டேப்பால் இறுக்குங்கள்.

நான்கு துளையையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். கவுலோடு சேர்த்துக் கட்டையில் 1.5 மி.மீ. துளை ஒன்று போட்டு, 2 மி.மீ. ஸ்க்ரூ ஏற்றி, ஸ்பின்னர் இடைவெளியைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத் துளைக்குப் போங்கள். நான்கும் முடிந்ததும் கவுலைக் கழற்றி அதன் துளைகளை மட்டும் 2.5 மி.மீ. ஆக்குங்கள். கட்டைத் துளைகளில் தண்ணீர்போல் ஓடும் சயனோ பசையை (சூப்பர் குளூ வகை) ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டால் மரத்தில் மரை கெட்டிப்படும். பசை ஈரமாக இருக்கும்போது ஸ்க்ரூவை ஏற்றினால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கு அடியிலும் சிலிகான் எரிபொருள் குழாயில் 2 மி.மீ. வெட்டி வாஷராகப் போடுங்கள். அதிர்வை அது வாங்கிக்கொள்ளும், ஸ்க்ரூவும் கழலாது. லேசாக நசுங்கும்வரை இறுக்கினால் போதும். ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் பூசும் மரை ஒட்டும் திரவம் (த்ரெட்லாக்கர்) மரத்தில் பயன்படாது, ஏபிஎஸ் கவுலாக இருந்தால் பிளாஸ்டிக்கையே வெடிக்க வைக்கும்.

காற்று வெளியேறும் திறப்பு உள்ளே வரும் திறப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். சூடான காற்று விரியும். வெளியே போக வழியில்லாவிட்டால் முன்னால் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் எஞ்சின் சூடேறி நடுவானில் நின்றுவிடும்.