கஞ்சா எண்ணெயும் குடல் புண்ணும்: செய்யக்கூடாத தவறுகள்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் மாமாவுக்குக் குரோன்ஸ் எனும் குடல் அழற்சி. போன தடவை போனபோது, கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டைகள் பிஸ்கட் டின்னுக்குள் பிரிக்காமலே கிடந்தன. ஏன் என்று கேட்டேன். "இப்பதான் வலியே இல்லையே மருமகனே" என்றார். யாரோ கொடுத்த கஞ்சா எண்ணெயைக் காலையும் ராவும் சொட்டுக் கணக்கில் குடித்து வருகிறார், ரெண்டு வருசமாக.

பெரிய தவறு இதுதான். வலி அடங்குவது வேறு, புண் ஆறுவது வேறு. 2013இல் இஸ்ரேலில் 21 குரோன்ஸ் நோயாளிகளை வைத்து 8 வாரம் சோதித்தார்கள். கஞ்சா புகைத்த 11 பேரில் 10 பேருக்கு நல்ல சுகம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சத்தில்லாத போலி மருந்து பெற்ற 10 பேரில் 4 பேருக்குத்தான். ஆனால் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு சொல்லும்படி குறையவில்லை. பசி எடுக்கும், தூக்கம் வரும், வயிறு அமைதியாகும். உள்ளே புண் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். பிறகு குடல் சுருங்கி அடைத்துக்கொண்டால் கத்தி வைக்கத்தான் வேண்டிவரும். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை மலப் பரிசோதனையும் குடலுக்குள் விடும் கமராவும் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

"நாட்டு மருந்துதானே, சட்டம் என்ன செய்யும்?" என்பது அடுத்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சா வைத்திருப்பது குற்றம். 1961இன் ஆயுர்வேதச் சட்டம் திறந்துவிட்ட வழி பதிவுபெற்ற வைத்தியர்களுக்கு, அவர்கள் செய்யும் மருந்துக்கு மட்டும். ஏற்றுமதிக்கு வளர்க்க அரசு அனுமதித்தது நம் வீட்டுப் போத்தலுக்குக் கிடைத்த அனுமதி அல்ல. அந்தப் போத்தலில் லேபிளும் இல்லை, உள்ளே எது எவ்வளவு என்று விற்றவனுக்கே தெரியாது.

வாயால் எடுத்தால் ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொரு முறை குடிப்பவர்தான் தலைசுற்றி விழுகிறார். புகையிலை கலந்து புகைப்பதோ குரோன்ஸை நேராகவே மோசமாக்கும்.

அப்புறம் வாந்தி. நெடுநாள் அடிக்கடி எடுப்பவர்களில் சிலருக்குக் கஞ்சாவே ஓயாத வாந்தியைக் கொண்டுவரும். சுடுதண்ணீரில் குளித்தால் கொஞ்சம் தணியும். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை எழுதினார்கள். நம் குளிருக்கு எல்லோரும் சுடுதண்ணீரில்தானே குளிக்கிறோம், யாருக்குச் சந்தேகம் வரும்? வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். நிறுத்தினால்தான் நிற்கும்.

அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. மாமா குளிக்க ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணி காய வைத்து விறகு தீர்ந்துபோகிறது என்பதுதான் அவர் குறை. டாக்டரிடம் மறைப்பதும் ஒரு தவறு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு சேர்ந்தால் இந்த எண்ணெய் இரத்தக்கசிவில்கூடக் கொண்டுபோய் விடலாம். கிளினிக்கில் "வேறு ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது மாமா முகட்டைப் பார்த்தார். அத்தைதான் சொன்னார்: "எண்ணெய் குடிக்கிறாரு டாக்டர். விறகுக்கும் நான்தான் போறேன்."