வேனில் தனியாக வாழ்வோர் செய்யும் தவறுகள்: பேட்டரி முதல் ஸ்டெப்னி வரை

வேனை வீடாக்கித் தனியாகக் கிளம்புபவர்கள் அதிகம் பயப்படுவது, இருட்டில் கதவைத் தட்டும் அந்நியரைப் பற்றித்தான். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைவிட அருகில், அவர்களே பொருத்திய வயரிலும் அடுப்பிலும் ஆபத்து இருக்கிறது. இருவர் இருந்தால் கருகும் வாடை ஒருவர் மூக்கிலாவது படும். ஒருவருக்குத் தலை சுற்றினால் மற்றவர் கதவைத் திறப்பார். தனியாக இருப்பவருக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. ஆகவே அந்த வேலையை வேனின் அமைப்பே செய்தாக வேண்டும்.

மின்சாரத்தில்தான் தவறுகள் அதிகம். பேட்டரியை வாங்கிவிட்டுப் பிறகு கணக்குப் போடுகிறார்கள். கணக்கு கடினமானதல்ல: வாட்டை மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். 40 வாட் ஃப்ரிட்ஜ் நாளில் பாதி நேரம் ஓடினால் 480 வாட்-மணி. 60 வாட் லேப்டாப் 4 மணி நேரம், 240. 20 வாட் ஃபேன் 8 மணி நேரம், 160. விளக்கு, போன் சேர்த்து 60. மொத்தம் 940. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1200 வாட்-மணி. பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால் கைக்கு வருவது 600தான். முதல் நாளே போதாது. அதே அளவு லித்தியம் பேட்டரி ஒரு நாளைச் சமாளிக்கும். மேகமூட்டமான இரண்டு நாட்களுக்கு 200 ஆம்பியர்-மணி வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். அது காப்பது கருவியை அல்ல, வயரை. எனவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கருவியின் பக்கம் மாட்டினால், இடையில் பலகைக்குப் பின்னால் ஓடும் வயர் முழுக்கப் பாதுகாப்பின்றிக் கிடக்கும். தகரத்தின் விளிம்பில் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் அதில் பாயும். இன்டக்‌ஷன் அடுப்பு வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1800 வாட் என்றால் 12 வோல்ட்டில் 150 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 165 வரை போகும். விளக்குக்குப் போட்ட மெல்லிய வயர் இதில் உருகிவிடும். 70 சதுர மி.மீ. அளவுக்குத் தடித்த கேபிளாகவும், முடிந்தவரை குட்டையாகவும் இருக்கட்டும்.

லித்தியம் பேட்டரியை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருடன் நேரடியாக இணைப்பதும் அடிக்கடி நடக்கிறது. கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் அது இழுப்பதால், வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில், மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் போடுங்கள். 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தில் சார்ஜ் ஏற்றவே கூடாது. செல்கள் நிரந்தரமாகக் கெடும்.

அடுத்தது காற்று. குளிருக்குப் பயந்து எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு உள்ளே கேஸ் எரிப்பது உயிரோடு விளையாடுவது. காற்று போதாமல் எரியும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது தரும் தலைவலியும் குமட்டலும் தூக்கமும் பயணக் களைப்பு போலவே இருப்பதால், தனியாக இருப்பவர் படுத்துவிடுவார். கரி அடுப்பை உள்ளே பற்ற வைக்கவே கூடாது. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்திலும், கேஸ் கசிவு அலாரம் தரையருகிலும் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வைப்பதும் இதனால்தான்.

கேஸ் எரிந்தால் நீராவியும் வரும்: 1 கிலோ புரொப்பேனுக்கு ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர். மூச்சுக் காற்றின் ஈரமும் சேர்ந்து குளிர்ந்த தகரத்தில் வியர்க்கிறது. அதனால்தான் மெத்தையின் அடியில் பூஞ்சை. கூரை ஃபேனை மட்டும் ஓட்டினால் போதாது, எதிர்ப்பக்கம் கீழே ஒரு ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். மெத்தைக்குக் கீழே முழுப் பலகை வேண்டாம், இடைவெளி விட்ட சட்டங்கள் போதும். வெப்பக் காப்புப் பஞ்சைத் திணிக்கும்போது கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

எடையைப் பலர் மறந்தே போகிறார்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. தண்ணீர், டீசல், நீங்கள் எல்லாம் சேர்த்து எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் வண்டியில் பதித்த தகட்டிலுள்ள மொத்த எடை வரம்புடன் ஒப்பிடுங்கள்.

உள்ளமைப்பில் தனி ஆளுக்கு மிக முக்கியமானது, கீழே இறங்காமல் படுக்கையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போகும் வழி. நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டால், வெளியே யாரோ நிற்கும்போது கிளம்ப வழியில்லை. முன்கண்ணாடியை மறைக்கும் திரை ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும், சாவிக்கு மாறாத ஓர் இடம் வேண்டும், வண்டியின் முகம் வெளிவழியைப் பார்த்திருக்க வேண்டும். படுக்கை பின்கதவை அடைத்தால் தீ விபத்தில் ஒரே வழிதான் மிஞ்சும். தீயணைப்பானை அடுப்புக்குப் பின்னால் வைக்காதீர்கள், கதவருகே படுக்கையிலிருந்து எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

தங்கும் இடத்தைப் படத்தோடு உடனே பகிர்வது வேண்டாத வேலை. அங்கிருந்து கிளம்பிய பிறகு பகிரலாம். ஆனால் நம்பகமான ஒருவருக்கு மட்டும் தினமும் மூன்றைச் சொல்லுங்கள்: இன்று எங்கே தங்கல், நாளை எத்தனை மணிக்கு அழைப்பேன், அழைக்காவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும். மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் முதல் இரண்டும் பயன்படாது.

ஸ்டெப்னி இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் போதாது. பட்டறையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டுகளைக் கை ஸ்பேனரால் தனி ஆள் கழற்றுவது பெரும்பாடு. புறப்படும் முன்பே ஒரு சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் ஸ்பேனரின் பிடியில் மாட்டி நீட்டிக்கொள்ள நீளமான குழாய் ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். அது சறுக்கினால் தூக்கிவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.