பட்டப்பகலில் பால்போல அருவி: ஒருவழியாகப் பிடிபட்டது

வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி அருவி. தண்ணீர் பால்போல வழிவதாக எடுக்கத்தான் ஆசை. அதற்கு ஷட்டர் சில நொடி திறந்திருக்க வேண்டும். ஆனால் என் குட்டி கேமராவில் ஷட்டரை 4 நொடிக்கு வைத்தால் வெளிச்சம் அதிகமாகி வெறும் வெள்ளைத்தாள்! ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) 80-க்கு இறக்கி, லென்ஸின் துளையை எஃப் 8 அளவு வரை சுருக்கியும் 1/250 நொடிக்கு மேல் வெயில் தாங்கவில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் மாட்ட இந்த லென்ஸில் மரையும் கிடையாது. கூலிங் கிளாஸ் இரண்டை அடுக்கிப் பார்த்தேன், படம் கலங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் ஹார்டுவேர் கடையில் 8-ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி வாங்கினேன். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும். 1/250 நொடி 4 நொடியாகிவிடும். இருட்டில் ஃபோகஸ் திணறும், அதனால் கண்ணாடி இல்லாமலே ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, பிறகு முன்னால் வைத்தேன். இந்தக் கண்ணாடி ஏற்றும் பச்சை நிறம் போக, கண்ணாடி வழியாகவே வெள்ளை வேட்டியைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) அமைத்தேன்.

அப்படியும் படத்தின் நடுவே மங்கலாக ஏதோ வளையம். இரண்டு நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே போனது. பெரிதாக்கிப் பார்த்தால், இடவலம் மாறிய எழுத்துகள்! லென்ஸ் விளிம்பில் இருக்கும் வெள்ளை எழுத்துகளே கண்ணாடியில் பட்டுத் திரும்பியிருக்கின்றன. விளிம்பை மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடி, கண்ணாடியின் ஓரத்தில் வெயில் படாமல் கறுப்புத் துணி சுற்றினேன். கேமரா ஆடாமலிருக்க 2 நொடி டைமர், முக்காலி. அடுத்த படத்தில் வளையம் இல்லை.