கடற்கரையில் ஜியோகேச்சிங்: பேனா வேண்டாம், பென்சில் எடுங்கள்

ராமேஸ்வரம், அரியமான் பக்கம் போகிறவர்கள் கோயில், கடல் குளியலோடு ஜியோகேச்சிங்கையும் முயன்று பார்க்கலாம். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும் விளையாட்டு இது. 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கியது.

கிளம்பும் முன்பே டப்பா இருக்கும் இடத்தின் வரைபடத்தையும் அதைப் பற்றிய குறிப்புகளையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் டவரை நம்ப முடியாது. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, வரைபடம் திறக்கத்தான் டவர் வேண்டும். போன் காட்டும் புள்ளி சில மீட்டர் தள்ளியும் இருக்கும். அப்புறம் கண்ணால்தான் தேட வேண்டும். மணலைத் தோண்டாதீர்கள், இடத்துக்காரர் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டுவது விளையாட்டின் விதிப்படியே கூடாது. சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஷூ போடுங்கள். சுவர் இடுக்கில் கைவிடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

நீங்களே ஒன்று வைப்பதென்றால் தகர டப்பா வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறிவிடும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, ஜிப் கவருக்குள் நோட்டு, கூடவே பென்சில். ஈரத்தில் பேனா மை கலைந்துவிடும். இலங்கை பக்கத்திலேயே இருப்பதால் கடலோரக் கண்காணிப்பு இங்கே அதிகம். கேட்பாரற்ற பெட்டி என்றாலே சந்தேகம்தான். அதனால் உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவாக வாங்கி, ‘இது விளையாட்டுப் பெட்டி’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள், இடத்துக்காரரிடமும் கேட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.