சிலிண்டர் கொண்டு வருபவருக்கு டிப்ஸ் தரணுமா?

பில் தொகையிலேயே வீடுவரை கொண்டுவரும் கூலியும் அடக்கம். அதற்குமேல் தருவது உங்கள் இஷ்டம்.

பணம் நீட்டும் முன் சீலைப் பார்த்து, எடை போடச் சொல்லுங்கள். மேல் வளையத்தருகே பொறித்திருக்கும் காலி எடை 15.3 என்றால், கேஸ் 14.2 சேர்த்து 29.5 கிலோ காட்ட வேண்டும். மூடியைக் கழற்றி வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள்; அது தேய்ந்திருந்தாலும் கேஸ் கசியும். ஓடிபியை சிலிண்டர் கைக்கு வந்தபிறகே சொல்லுங்கள். முன்பே சொன்னால் டெலிவரி ஆனதாகப் பதிவாகிவிடும்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குச் சுமந்து ஏறியவருக்கு 30, 50 கொடுப்பது நியாயம்தான். அதட்டிக் கேட்டால், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் புகாருக்கு 1800-2333-555.