தெள்ளுப்பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருது? நாய், பூனை இருக்குற வீட்ல நடக்குற தப்புகள்

நாய்க்கு மருந்து சோப்பு போட்டு நல்லா குளிப்பாட்டியாச்சு, ரெண்டு நாள் நிம்மதியா தூங்குச்சு, அப்புறம் பாத்தா மறுபடி வால் பக்கத்த கடிச்சு கடிச்சு புண்ணாக்கிட்டு இருக்கு, வீட்ல இருக்கவங்க கணுக்கால்லயும் சின்ன சின்னதா சிவப்பு தடிப்பு. உடனே சோப்பு சரியில்லன்னு வேற சோப்பு, அப்புறம் பவுடர், அப்புறம் கழுத்துப் பட்டைன்னு காசு போய்ட்டே இருக்கும். தப்பு எங்கன்னா, நாய் மேலதான் பூச்சி இருக்குன்னு நெனச்சுக்கறோம். நாய் மேல இருக்குற பெரிய பூச்சி மொத்தத்துல சுமார் 5 சதவீதம்தான், மீதி 95 சதவீதமும் முட்டையா, புழுவா, கூட்டுக்குள்ள இருக்குற பருவமா நம்ம வீட்டுக்குள்ளதான் கெடக்கு.

இது எப்படின்னு தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும். பெண் பூச்சி ரத்தம் குடிச்ச ஒன்னு ரெண்டு நாள்லயே முட்டை போட ஆரம்பிச்சிடும், ஒரு நாளைக்கு 40, 50 வரைக்கும் கூட போடும். அந்த முட்டை ஈர் மாதிரி முடியில ஒட்டிக்காது, வழுவழுன்னு இருக்கும், நாய் படுக்குற எடம், உதறுற எடம்னு எல்லா பக்கமும் உதிர்ந்துடும். அதுல இருந்து வர்ற புழுவுக்கு வெளிச்சமே ஆகாது, சோபா இடுக்கு, கட்டிலுக்கு அடி, கால்மிதிக்கு கீழன்னு போய் ஒளிஞ்சுக்கிட்டு பெரிய பூச்சியோட கழிவ தின்னு வளரும். அப்புறம் பிசுபிசுன்னு ஒரு கூடு கட்டும், தூசியெல்லாம் அது மேல ஒட்டிக்கும், நாம அடிக்கிற மருந்து அதுக்குள்ள சரியா போகாது. அந்தக் கூட்டுக்குள்ள மாசக்கணக்குல கூட காத்திருக்கும், ஆள் நடக்குற அதிர்வு, உடம்பு சூடு, மூச்சுக்காத்து பட்டதும் வெளிய வரும். லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து கதவ தொறந்ததும் கால்ல வந்து மொய்க்கிறது இதனாலதான். நம்ம ஊரு வெக்கைக்கும் ஈரப்பதத்துக்கும் ரெண்டு மூணு வாரத்துலயே முட்டை பூச்சியா மாறிடும்.

அடுத்து, உண்ணியா தெள்ளுப்பூச்சியான்னு பாக்காமலே கடையில போய் ஏதோ ஒன்னு வாங்கறது. உண்ணி ஒரே எடத்துல கடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், குதிக்காது. தெள்ளுப்பூச்சி பக்கவாட்டுல தட்டையா, பழுப்பா, முடிக்குள்ள சர்ருன்னு ஓடும், புடிக்கப் போனா தாவிடும். உண்ணிக்குன்னு நாய் மேல ஊத்துற அமிட்ராஸ் மருந்து தெள்ளுப்பூச்சிக்கு வேலை செய்யாது, பூனைக்கு அது ஆபத்தும் கூட. பூச்சி கண்ணுல படலன்னா பேன் சீப்பால வால் தொடங்குற எடத்துல சீவி, விழுற கருப்புத் துகள ஈரமான வெள்ளை டிஷ்யூ மேல வச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல சுத்தி செம்பழுப்பா கறை பரவுனா அது பூச்சியோட கழிவு, அதாவது காஞ்ச ரத்தம். வெறும் மண்ணுன்னா நெறம் மாறாது. பூனை விஷயத்துல இத கண்டிப்பா செய்யுங்க, ஏன்னா பூனை நக்கி நக்கி பூச்சிய முழுங்கிடும், நாம தேடினா ஒன்னும் கெடைக்காது.

இப்ப சொல்லப் போறத மட்டும் தயவு செஞ்சு எல்லாருக்கும் சொல்லுங்க. நாய்க்கு வாங்குன மருந்த பூனைக்குப் போடாதீங்க. நாய்க்கான நிறைய சொட்டு மருந்துலயும் பவுடர்லயும் பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருக்கும், நாய் அத தாங்கும், பூனையோட கல்லீரலால அத சரியா உடைச்சு வெளிய தள்ள முடியாது. ஒடம்பு துடிக்க ஆரம்பிக்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும், உசுரே போய்டும். பாதி டோஸ் போட்டா ஒன்னும் ஆகாதுன்னு நெனைக்கிறதும் தப்பு. மனுஷங்க தலைப்பேனுக்கு போடுற மருந்துலயும் பெர்மெத்ரின் இருக்கலாம், அதையும் தொடாதீங்க. தெரியாம பட்டுருச்சுன்னா வீட்டு வைத்தியம் பாத்துட்டு ஒக்காராம உடனே வெட்டுக்கு, அதாவது கால்நடை டாக்டருக்கு போன் பண்ணுங்க, பூனை நெலையா இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கழுவி, தொடச்சு, குளிராம சுத்தி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஓடுங்க. துடிப்பு ஆரம்பிச்சிருந்தா கழுவுறதுக்கெல்லாம் நிக்க வேணாம். நாயும் பூனையும் ஒன்னா படுத்து ஒன்ன ஒன்னு நக்குற வீடா இருந்தா, நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தா கேட்டு வாங்குங்க. முயல் இருந்தா ஃபிப்ரோனில்ங்கிற பூச்சி மருந்த அது மேல போடவே கூடாது.

சொட்டு மருந்த போடுற விதத்துலயும் கோட்டை விடுவாங்க. முடி மேல ஊத்தி தேய்ச்சு விட்டா பாதி மருந்து முடியிலயே நின்னுடும். பின்கழுத்துல, அது நக்க முடியாத எடத்துல, முடிய ரெண்டு பக்கமும் வெலக்கி தோல் தெரியுற மாதிரி வச்சுக்கிட்டு தோல் மேல விடணும், முன்னாடி ரெண்டு நாளும் பின்னாடி ரெண்டு நாளும் குளிப்பாட்ட வேணாம். நாய்க்கு மாத்திரையும் இருக்கு, ஃப்ளூரலேனர் மாதிரி ஒரு மாத்திரை 12 வாரம் வரைக்கும் வேலை செய்யும், ஆனா வலிப்பு வந்த நாய்னா வெட் கிட்ட மறைக்காம சொல்லணும். எதுவா இருந்தாலும் எடை பாத்துத்தான். சொறியுற ஒன்னுக்கு மட்டும் போட்டுட்டு மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டா எல்லாம் வீண், வீட்ல எத்தன நாய் பூனை இருக்கோ அத்தனைக்கும் ஒரே சமயத்துல போடுங்க.

வீட்டு வைத்தியம்னு மண்ணெண்ணெய் தடவுறது, படுக்கைக்கு கீழ அந்துருண்டை போடுறது, டீ ட்ரீ ஆயில், சாப்பாட்டுல பூண்டு, இதெல்லாம் பூச்சிய விட நம்ம நாய் பூனையத்தான் முதல்ல பாதிக்கும். ஃபினாயில் ஊத்தி தரைய கழுவுறதும் பூனை இருக்குற வீட்ல வேணாம், காலுல பட்டத அது நக்கிடும். எட்டு வாரத்துக்கு கம்மியான குட்டின்னா வெட் சொல்லாம எந்த மருந்தும் வேணாம், சீப்பால சீவி வர்ற பூச்சிய சோப்புத் தண்ணியில போடுங்க. குட்டி சோர்ந்து போய் ஈறு வெளுத்திருந்தா ரத்தம் கொறஞ்சிருக்கு, அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க.

வீட்ட சுத்தம் பண்றதுன்னா நடுஹால பளபளன்னு தொடைக்கிறது இல்ல. சோபா குஷன கழட்டி அந்த இடுக்கு, பீரோவுக்கு அடி, நாய் படுக்குற சாக்கு, மாடிப்படிக்கு கீழ தெருப்பூனை படுக்குற மூலை, அங்கதான் கை வைக்கணும். வேக்குவம் இருந்தா தெனமும் போடுங்க, அந்த அதிர்வுல கூட்டுல இருந்து பூச்சி வெளிய வரும், நமக்கும் அதுதான வேணும், ஆனா பைய உடனே கட்டி வெளிய போட்டுடணும். விரிப்பு, தலகாணி உறை எல்லாம் வாரம் ஒரு தடவ 60 டிகிரி சுடுதண்ணியில தொவைச்சு நல்ல வெயில்ல போடுங்க. ஸ்ப்ரே அடிக்க ஆள் கூப்பிட்டா மீன் தொட்டி இருக்குன்னு முதல்லயே சொல்லி மூடி, ஏர் பம்ப்ப நிறுத்தி வைங்க, பெர்மெத்ரின் வகை மருந்து மீனுக்கு எமன்.

இதெல்லாம் சரியா பண்ணியும் ரெண்டு மூணு வாரம் கழிச்சு புதுசா பூச்சி கண்ணுல படும். அங்கதான் நிறைய பேர் மருந்து வேலை செய்யலன்னு நிறுத்திடறாங்க. அது ஏற்கனவே கூட்டுக்குள்ள இருந்தது இப்ப வெளிய வருது, அவ்ளோதான், மருந்து போட்ட நாய் மேல ஏறினதும் சாகும். கொறஞ்சது மூணு மாசம் விடாம போடணும்.

தொல்லை தாங்காம நாயவே வெளிய விடுறவங்களும் இருக்காங்க, மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. நாய் போனாலும் முட்டையும் புழுவும் கூடும் வீட்டுக்குள்ளதான் இருக்கு, அதுல இருந்து வர்ற பூச்சிக்கு நாய் இல்லன்னா குழந்தைங்க காலு. மருந்து போட்ட நாய் நடமாடினாத்தான் அந்தப் பூச்சியெல்லாம் அது மேல ஏறி சாகும்.

இன்னொன்னு, பூச்சிய முழுங்குன நாய் பூனைக்கு நாடாப்புழு வரும், ஆசனவாய் பக்கத்துலயோ படுக்கையிலயோ அரிசி மணி மாதிரி வெள்ளையா கெடந்தா அதுதான். வழக்கமா குடுக்குற எல்லா குடல்புழு மருந்தும் இதுக்கு கேக்காது, பிராசிகுவான்டெல் இருக்குறதான்னு வெட் கிட்ட கேட்டு வாங்குங்க.