கூப்பன் ஆஃபர் லயபிலிட்டி: இயர் எண்டுல பண்ணக்கூடாத தப்புகள்

சோப்பு கவரையே கூப்பனா சேத்து அனுப்பினா டப்பா பரிசுன்னு ஆஃபர் விடற கம்பெனில, கூப்பன் திரும்பி வந்தாதான் செலவு எழுதணும்னு நிறைய அக்கவுண்டன்ட் நினைக்கறாங்க, இருக்கறதுலயே பெரிய தப்பு இதுதான். சோப்பு வித்தது இந்த வருஷம், கவருக்கு டப்பா தர்றது அடுத்த வருஷம்னா இந்த வருஷ லாபம் சும்மா ஏறி நிக்கும், செலவு மொத்தமும் அடுத்த வருஷம் தலைல விழும். வித்த அன்னைக்கே கடமை வந்தாச்சு, அதனால ஏஎஸ் 29-ங்கற அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் படி ப்ரொவிஷன் (வரப்போற செலவை எஸ்டிமேட் பண்ணி இப்பவே எழுதற லயபிலிட்டி) போட்டே ஆகணும்.

ஒரு கணக்கு பாருங்க. 10 கவரும் 20 ரூபாயும் அனுப்பினா ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பா 45, கூரியர் 5, கஸ்டமர் தர்ற 20 போக நம்ம கைல இருந்து போறது 30 ரூபாய். வித்தது 3,00,000 சோப்பு, 60% கவர் வரும்னு எஸ்டிமேட், அப்போ 1,80,000 கவர், அதாவது 18,000 டப்பா, செலவு 5,40,000. மார்ச் 31-க்குள்ள 12,000 டப்பா குடுத்தாச்சுன்னா பாக்கி 6,000 டப்பாவுக்கு 1,80,000 ரூபாய் லயபிலிட்டி. இதுல 10-ஆல வகுக்க மறந்துடுவாங்க, இல்லன்னா கூரியரை விட்டுடுவாங்க, சிலர் பயந்துபோய் 3 லட்சம் கவருக்கும் சேத்துப் போட்டுடுவாங்க, அதுவும் தப்புதான்.

மொத்தமா 20,000 டப்பா வாங்கியிருந்தா குடோன்ல மிச்சம் இருக்கற 8,000 ஸ்டாக், அதைச் செலவுல எழுதாதீங்க, லயபிலிட்டியோட கழிச்சும் காட்டாதீங்க. அடுத்த வருஷம் 60% இல்ல 70%-ன்னு தெரிஞ்சா பழைய கணக்கைத் தொடவேண்டாம், வித்தியாசம் அந்த வருஷ பி அண்ட் எல்-லயே (லாப நஷ்டக் கணக்கு) போகும்.

இண்ட் ஏஎஸ் (லிஸ்டட், பெரிய கம்பெனிகளுக்கான தனி அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்) ஃபாலோ பண்ற கம்பெனின்னா கவனம், விற்பனை வருமானத்துக்கு 1-4-2018-ல இருந்து இண்ட் ஏஎஸ் 115. பொருள் வாங்கினவருக்கு மட்டும் அடுத்த பர்ச்சேஸுக்கு நல்ல டிஸ்கவுண்ட் கூப்பன் குடுத்தா அது செலவு ப்ரொவிஷன் இல்ல, விற்பனைப் பணத்துலயே ஒரு பங்கைத் தள்ளி வைக்கணும். 1,000 ரூபாய் பொருள், எத்தனை பேர் யூஸ் பண்ணுவாங்கன்னு பாத்து கூப்பனுக்கு மதிப்பு 100-ன்னா, 1,000-ஐ 1,100-ஆல வகுத்து 100-ஆல பெருக்கி சுமார் 91 ரூபாயை இப்போ வருமானமா காட்டக்கூடாது. எல்லாருக்கும் பேப்பர்ல வர்ற கூப்பனுக்கு இது கிடையாது, யூஸ் பண்ணும்போது விலைல குறைச்சா போதும்.

அந்த 60% எங்க இருந்து வந்துச்சுன்னு ஒர்க்கிங் பேப்பர் கண்டிப்பா வைங்க. ரோட்டார்க் கண்ட்ரோல்ஸ் கேஸ்ல 2009-ல சுப்ரீம் கோர்ட் வாரன்டி ப்ரொவிஷனை வருமான வரில கழிக்க விட்டதே பழைய டேட்டாவை வச்சு நம்பகமா எஸ்டிமேட் பண்ணியிருந்ததாலதான், கூப்பனுக்கும் வருமான வரி ஆபீசர் முதல்ல கேக்கப்போறது அதைத்தான்.